அரக்குப் புடவையும் என் காதும்

போன் அடித்தபோது என் மடியில் ஒரு பட்டுப் புடவை பாதி மடிப்பில் இருந்தது. பாதியில் கீழே வைத்தால் கோடு விழும். அதனால் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, "யாருங்க?" என்றேன்.

"அக்கா, என் பேரு ரேவதி. சென்னையிலருந்து பேசறேன். அந்தப் படத்துக்கு விவரிப்பு எழுதுனது நான்தான்."

எந்தப் படம் என்று நான் கேட்கவில்லை. பத்து நாளாக என் போனுக்கு வந்துகொண்டிருந்த செய்திகள் எல்லாம் அந்த ஒரு படத்தைப் பற்றித்தான்.

"சொல்லும்மா," என்றேன். குரலைக் கொஞ்சம் தடிப்பாகவே வைத்துக்கொண்டேன். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் சண்டைக்கு வரவில்லை. அழுகையை விழுங்கி விழுங்கிப் பேசினாள். எனக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அழுகிற ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

"நீங்க அப்படி சொன்னதால என்னை அடுத்த படத்துலருந்து நிறுத்தி வச்சிட்டாங்கக்கா. திங்கட்கிழமை வரைக்கும் டைம். அந்தப் புடவை பட்டுதான்னு நான் நிரூபிக்கணுமாம். நான் என்னத்தக் காட்டி நிரூபிப்பேன்?"

"பட்டா இருந்தாதானே நிரூபிக்க முடியும்?" என்றேன்.

சொன்னேன். வாய் கூசாமல் சொன்னேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு ஒரு மாதிரி ஆகிறது.

கண்டக்டர் சொன்ன சினிமா

இந்த வாரம்தான் இந்தத் தொடரை முதலில் புரட்டுகிறீர்கள் என்றால், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பார்வை கிடையாது. பிறவியில் இல்லை. இருபத்தைந்து வயதுக்கு மேல் கண்ணில் அழுத்தம் வந்து, ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போய், ஒருநாள் மொத்தமாக முடிந்துவிட்டது. ஆரணியில் ஒரு பட்டுக் கடையின் பின்கட்டில் புடவை மடிக்கும் வேலை. கண் இருந்தபோதும் அதே வேலைதான், அதே பாய்தான். மிச்ச நேரத்தில் சினிமா பார்க்கிறேன், அதைப் பற்றிப் பேசிப் பதிவு செய்து போடுகிறேன்.

போன வாரம் ஒரு வாசகர் எழுதியிருந்தார்: "பார்வை இல்லாத நீங்கள் சினிமா பார்த்து என்ன செய்யப் போகிறீர்கள்?" ஐயா, பார்வை இருக்கிற நீங்கள் பார்த்து இதுவரை என்ன செய்தீர்கள்? அதைத்தான் நானும் செய்கிறேன்.

என் வீட்டுக்காரர் பாக்கியநாதன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ரொம்ப வருஷம் என் சினிமா அவர் வாயில்தான் ஓடியது. தியேட்டரில் என் பக்கத்தில் உட்கார்ந்து காதோரம் சொல்வார். அவருக்கு எல்லாமே ஸ்டாப்புதான். "கோயில் வந்துடுச்சி." "ஆஸ்பத்திரி வந்துடுச்சி." நடுவில் இருப்பதை எல்லாம் விட்டுவிடுவார்.

தியேட்டரே மூச்சுப் பிடித்துக்கொண்டிருக்கும். பாட்டும் இருக்காது, பேச்சும் இருக்காது. நான் அவர் முழங்கையைக் கிள்ளுவேன்.

"இன்னாங்க நடக்குது?"

"ஒண்ணும் நடக்கல மே. சும்மா பாத்துகினு கீறாங்க."

"யாரு யாரைப் பாக்கறாங்க?"

"இரு மே, பேஜார் பண்ணாத. நானும் பாக்கணும்ல?"

அந்த "சும்மா பாத்துகினு கீறாங்க" என்கிற இடத்தில்தான் படமே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முன் சீட்டில் ஒரு பெண் மூக்கை உறிஞ்சுவாள். என்னவோ நடந்துவிட்டது, எனக்கு மட்டும் தெரியவில்லை என்று ஆத்திரமாக வரும். இடைவேளையில் வாங்கிக் கொடுக்கும் முறுக்கைக்கூட வேண்டாம் என்பேன்.

நிறம் கேட்கும் ஆசை

பிறகு போனிலேயே படம் வந்தது. படத்தோடு விவரிப்பும் வந்தது. ஆடியோ டிஸ்கிரிப்ஷன் என்பார்கள். பேச்சு இல்லாத இடங்களில் ஒரு குரல் புகுந்து, திரையில் என்ன இருக்கிறது என்று சொல்லும். "அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். கையில் சாவிக்கொத்து." அவ்வளவுதான். ஆனால் அந்தச் சாவிக்கொத்துக்காக நான் எத்தனை வருஷம் காத்திருந்தேன் தெரியுமா?

முதல் தடவை அப்படி ஒரு படத்தைக் கேட்டபோது தேம்பித் தேம்பி அழுதேன். அது சிரிப்புப் படம். பாக்கியநாதன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தார்.

எனக்கு அதில் எது பிடித்தது என்றால், நிறம். இதை வெளியில் அதிகம் சொல்வதில்லை. பார்வை போன பிறகு நிறங்களும் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருக்கின்றன. அரக்கு இருக்கிறது. மாம்பழ மஞ்சள் இருக்கிறது. மயில் கழுத்து நிறம் சில நாள் வரும், சில நாள் வராது. வெங்காயத் தோல் நிறம் போயே போய்விட்டது. எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. கடையில் நிறத்தின் பெயரைச் சொல்லும்போதும், விவரிப்பில் அந்தக் குரல் சொல்லும்போதும், உள்ளே ஒரு விளக்கைத் தட்டிவிட்ட மாதிரி அது வந்து நிற்கும். கேட்காமல் விட்டால் போய்விடுமோ என்று பயம்.

அதனால் விவரிப்பு நன்றாக இருந்தால் தலையில் தூக்கி வைத்து ஆடுவேன். சரியில்லை என்றால் கிழித்துத் தொங்கவிடுவேன். என்னைப் போன்றவர்கள் இருக்கும் குழுக்களில் என் பதிவுகள் சுற்ற ஆரம்பித்தன. "ஆரணி அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் படம் பார்ப்பார்களாம். எனக்குத் தலை கனத்துவிட்டது. அதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

நான் போட்ட குண்டு

அந்தப் படத்தில் ஒரு காட்சி. வீட்டை விட்டுக் கிளம்பத் தீர்மானித்த ஒருத்தி பீரோவைத் திறக்கிறாள். வசனம் இல்லை. விவரிப்பு சொல்கிறது: "அரக்கு நிறப் பட்டுப் புடவை. எடுத்து முகத்தில் வைத்துக்கொள்கிறாள்."

பின்னணியில் துணிச் சத்தம் கேட்டது. மொறமொறவென்று பாலித்தீன் பையைக் கசக்கிய மாதிரி.

நான் எழுந்தே உட்கார்ந்துவிட்டேன். பட்டுக்கு ஒரு சத்தம் உண்டு. அமுங்கின சரசரப்பு. கேட்டுப் பழகியவர்களுக்கு மாறாது. கடையில் புடவையை உதறும்போதே இது கைத்தறி, இது பவர்லூம், இது பட்டே இல்லை என்று நான் சொல்லிவிடுவேன். முதலாளி வாடிக்கையாளர்கள் முன்னால் என்னைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்வார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இருபத்தைந்து வருஷமாக நான் நம்பி வாழ்வது இந்தக் காதை. ரோடு தாண்டுவது, ஆள் அடையாளம், ஒருவர் மனசு எல்லாம் இதன் வழிதான். அந்தக் காது "பட்டு இல்லை" என்று சொல்லிவிட்டது. நான் பதிவு போட்டேன்:

"ஆரணியில் பட்டுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறவள் சொல்கிறேன். இது பட்டும் இல்லை, ஒன்றும் இல்லை. இந்த விவரிப்பை எழுதியவர் படத்தைப் பார்க்காமலே எழுதியிருக்கிறார். நமக்குத் தெரியாது என்ற தைரியம். கண் தெரியாதவர்களிடம் பொய் சொல்வதைவிடக் கேவலம் வேறு இருக்கிறதா?"

பற்றிக்கொண்டது. நாலா பக்கமும் போனது. பார்வை உள்ளவர்களே பகிர்ந்தார்கள். "சபாஷ் அக்கா" என்று செய்தி மேல் செய்தி. இரண்டு நாள் நான் தரையில் நடக்கவில்லை.

"மைக் முன்னாடி யாரோ உதறினது"

அந்தப் பதிவுக்குப் பத்தாவது நாள்தான், புடவை மடியில் இருக்கும்போது ரேவதி கூப்பிட்டாள்.

"பட்டா இருந்தாதானே" என்று நான் சொன்னதும், "அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. எதை வச்சு பட்டு இல்லன்னு சொல்றீங்க?" என்றாள்.

"சத்தத்தை வச்சு. நான் ஆரணிம்மா. உன் வயசு என் அனுபவம்."

"அந்தச் சத்தம் அந்தப் புடவையோடது இல்லக்கா."

"அப்புறம் யாரோடது?"

"ஷூட்டிங்ல அதெல்லாம் பதிவாகாதுக்கா. துணிச் சத்தம், செருப்புச் சத்தம், பாத்திரச் சத்தம் எல்லாம் அப்புறமா ஸ்டுடியோல தனியா போடறது. மைக் முன்னாடி ஒருத்தர் கையில கெடச்ச துணிய உதறுவாரு. அது நைலானா இருக்கலாம், பெட்ஷீட்டா இருக்கலாம். நான் சத்தத்தைப் பாத்து எழுதலக்கா, புடவையப் பாத்து எழுதினேன்."

நான் நம்பவில்லை. நம்ப விருப்பமில்லை என்பதுதான் சரி. "சாக்கு சொல்லாத," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

புடவையில் கோடு விழுந்துவிட்டது.

நிம்மதி இல்லாத மூன்று நாள்

அன்றைக்கு வியாழக்கிழமை. அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. கடையில் முந்தானையை உள்ளே வைத்து மடித்தேன், பிரித்தேன், மறுபடியும் அப்படியே மடித்தேன். முதலாளி, "உடம்பு சரியில்லியாம்மா?" என்று கேட்டார். சாப்பாட்டில் உப்பு இரண்டு தடவை விழுந்தது.

ஒவ்வொரு படமாகப் போட்டுக் கேட்டேன். இரண்டு வெவ்வேறு படத்தில் கதவு ஒரே மாதிரி கிறீச்சிட்டது. ஒரு கிழவர் வெறுங்காலோடு நடக்கிறார் என்று விவரிப்பு சொன்னது, எனக்குத் தோல் செருப்பு கேட்டது. குதிரை ஓடியது கொட்டாங்கச்சியைத் தட்டிய மாதிரி இருந்தது. இதெல்லாம் இத்தனை நாள் என் காதில் விழுந்துகொண்டுதானே இருந்தது? நான்தான் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டிருந்தேன்.

பயம் வந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வேலைக்காக மட்டும் இல்லை, பொய் எதற்கு? சினிமாவை நான் காதால் பார்க்கிறேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தக் காதுக்கே யாரோ பெட்ஷீட்டை உதறிக் காட்டியிருந்தால், நான் இத்தனை நாள் பார்த்தது என்ன?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உட்கார்ந்திருந்தேன். ஜெபத்தில் மனசு நிற்கவில்லை. முடிந்ததும் வாசலிலேயே பாக்கியநாதனிடம், "வண்டிய எடுங்க. முள்ளிப்பட்டு போலாம்," என்றேன்.

"இப்பவா? பசிக்குது மே."

"நாளைக்கு திங்கட்கிழமைங்க. ஜல்தி."

முள்ளிப்பட்டில் ஒரு கேள்வி

குமரேசன் அந்த ஊரில் எங்கள் கடைக்கு நெய்து கொடுப்பவர். வீட்டிலேயே தறி. நாங்கள் போனபோது நெய்துகொண்டிருந்தார். தறிச் சத்தம் நின்றது.

"வாங்கக்கா. இன்னா ஞாயித்துக்கெழம அதுவுமா?"

விஷயத்தைச் சொன்னேன். காட்சி எத்தனையாவது நிமிஷம் என்று எனக்கு மனப்பாடம். பாக்கியநாதன் சரியாக அந்த இடத்தில் படத்தை நிறுத்தி, போனை அவரிடம் கொடுத்தார். நான் புடவை முனையைத் திருகிக்கொண்டு நின்றேன். பட்டு இல்லை என்று சொல்லிவிடேன்பா என்று மனசு கெஞ்சியது. அப்படிச் சொன்னால் அந்தப் பெண்ணின் கதி என்ன என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"பெருசு பண்ணு மாமா," என்று பாக்கியநாதனிடம் சொன்னார் குமரேசன். "ம்... இதுல இன்னாக்கா சந்தேகம்? கோர்வைக்கா இது. உடம்பும் பார்டரும் சேர்ற எடம் பல்லு பல்லா நிக்குது. ரெண்டு பேரு ஒக்காந்து கையால கோத்தாதான் இப்படி வரும்."

"பவர்லூம்ல வராதா?"

"பவர்லூம்ல கோடு போட்ட மாதிரி நேரா வரும்க்கா. இது கை வேலை. இவ்ளோ வேலைய எவனாச்சும் பாலியஸ்டர்ல போட்டுகினு ஒக்காந்திருப்பானா?"

"நல்லா பாருப்பா."

"எத்தினி தபா பாக்கறது? பட்டுதான்க்கா. சுத்தப் பட்டு."

"அப்போ சத்தம்?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது. பாக்கியநாதன் படத்தை ஓடவிட்டார். மொறமொற.

குமரேசன் சிரித்துவிட்டார். "அய்ய, இது பட்டு சத்தமே இல்லியே. வேற ஏதோ துணி."

என் காது சொன்னது சரி. நான்தான் தப்பு.

பாக்கியநாதன் என் தோளைத் தொட்டு, "உடு மே. நீ வேணும்னா செஞ்ச?" என்றார். எனக்குச் சுருக்கென்று இருந்தது. வேண்டும் என்றுதானே செய்தேன்? ஒரு வார்த்தை யாரையாவது கேட்டிருக்கலாம். கேட்டால் குண்டு போட முடியாது, அதுதான் கேட்கவில்லை.

அங்கேயே, குமரேசனின் தறிப் பக்கத்தில் நின்றுகொண்டே பதிவு போட்டேன். "நான் சொன்னது தவறு. புடவை பட்டுதான். சினிமாவில் சத்தம் தனியாகப் போடுவார்கள் என்பது எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் ஒருவரைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டேன். விவரிப்பு எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." ரேவதிக்கும் அவள் கம்பெனிக்கும் தனியாக அனுப்பினேன்.

குண்டு போன வேகத்தில் மன்னிப்பு போகவில்லை. முதல் பதிவைக் கொண்டாடியவர்களில் பாதிப் பேர் இரண்டாவதைத் திறக்கவே இல்லை. ஆனாலும் திங்கட்கிழமை சாயங்காலம் ரேவதியிடமிருந்து ஒரு வரி வந்தது. "வேலைக்குத் திரும்ப எடுத்துட்டாங்க. நன்றி." அக்கா என்ற வார்த்தை அதில் இல்லை. அவசரத்தில் விட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்குத்தான் தூங்கினேன்.

ஒரு புடவை

சில மாதம் போனது. ரேவதி விவரிப்பு எழுதிய அடுத்த படம் வந்தது. முதல் நாளே போட்டேன். கல்யாணக் கதை. ஆரம்பம் முதல் கடைசி வரை வீடு நிறைய ஜனம், துணிக்கடை, முகூர்த்தம். எனக்கு வாயெல்லாம் பல். இன்றைக்கு நிறத்தில் குளிக்கப் போகிறோம் என்று சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மணப்பெண் புடவை அணிந்திருக்கிறாள்," என்றது குரல்.

சரி, அடுத்து சொல்லும் என்று இருந்தேன்.

"அம்மா வேறு புடவையில் வருகிறாள்." "அவன் சட்டை மாற்றியிருக்கிறான்." "கடைக்காரர் புடவைகளை ஒவ்வொன்றாக விரித்துப் போடுகிறார்."

ஒவ்வொன்றாக விரித்துப் போட்டார். பின்னால் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஒரு நிறம் இல்லை. இரண்டரை மணி நேரம் காத்திருந்தேன். ஒரே ஒரு நிறம்கூட வரவில்லை.

படம் முடிந்தபோது குழுவில் ஒரு நண்பர் செய்தி போட்டிருந்தார்: "இந்தத் தடவை விவரிப்பில் ஒரு தப்புகூட இல்லை. எல்லாம் ஆரணி அக்கா புண்ணியம்."

உடனே ரேவதியைக் கூப்பிட்டேன்.

"சொல்லுங்க மேடம்," என்றாள்.

"ஏன்மா, நிறத்தை எல்லாம் எங்க விட்ட?"

"புது விதி மேடம். துணி என்ன, நிறம் என்னன்னு யாராவது கேள்வி கேக்க இடம் இருந்தா சொல்லக் கூடாது. புடவைன்னா புடவை. அவ்ளோதான்."

"உனக்கு மட்டுமா?"

"எல்லாருக்கும்தான். எந்தப் படமா இருந்தாலும்."

"எப்பலேருந்து?"

"உங்க பதிவுக்கு அப்புறம்தான் மேடம்." நான் கேட்டிருக்கவே வேண்டாம்.

"நான் கம்பெனிக்கு எழுதறேன்மா," என்றேன். "தப்பா சொன்னாலும் பரவால்ல, சொல்லுங்கன்னு எழுதறேன். எனக்கு நிறம் வேணும்மா. எனக்குன்னு மிச்சம் இருக்கறதே நாலஞ்சு." குரல் உடைந்துவிட்டது. ஒரு காலத்தில் அவள் அழுகையை எரிச்சலாகக் கேட்டவள் நான்.

"அந்தக் கடைசிக் காட்சி," என்றேன். "மேடையில அவ தனியா நிக்கறாளே. அந்தப் புடவை என்ன நிறம்? எனக்கு மட்டும் சொல்லும்மா."

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"இதையும் எழுதிடுவீங்களா மேடம்?"

"நீ வேணாம்னா எழுத மாட்டேன்."

"எழுதுங்க," என்றாள். "விதி வந்த கதைய எழுதுங்க. நிறத்த மட்டும் எழுதாதீங்க. நான் சொன்னேன்னு ஆயிடும்."

பிறகு சொன்னாள். மெதுவாக, உடம்பு என்ன நிறம், பார்டர் என்ன நிறம், விளக்கு வெளிச்சம் பட்ட இடத்தில் அது எப்படி மாறியது என்று ஒன்று விடாமல் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

என்ன நிறம் என்று இங்கே எழுத மாட்டேன். வாக்குக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கும் அது ஒரு புடவை, அவ்வளவுதான்.